கேள்விக்குறி விழுங்கிய மூன்று பரோட்டா

ஐபேடை மேசைமேல் வைத்து, மெனுவில் பரோட்டாவைத் தொட்டு, கூட்டல் பட்டனை மூன்று முறை தட்டினேன். பட்டனுக்குப் பக்கத்தில் 3 என்று வந்தது. வலது மூலையில் மட்டும் மொத்தம் 0 ரூபாய் என்றே நின்றது. ஹோட்டல் முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, நம்ம கடையில எல்லாம் இனாமா?"

பக்கத்தில் நின்ற சப்ளையர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான், "போன வாரம் ஓடுச்சு சார்" என்றேன். ஆப் எழுதிப் பிழைக்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் சொல்லியிருக்கும் வசனம்.

அந்தக் கடைக்கு நான் எழுதிய பில் ஆப்பின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஒரு மேசைக்கு ஒரு பில் திரை. அதில் வலப்பக்கம் பில், இடப்பக்கம் மெனு. மெனு என்பது தனி வியூ கன்ட்ரோலர், அதாவது ஒரு திரையையும் (வியூ) அதன் வேலையையும் கவனிக்கும் கோடு. பில் திரையில் வேறொரு திரையை வைக்க ஒதுக்கிய இடமான கன்டெய்னர் வியூ ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கும். மெனுவின் அடியில் இன்னொரு கன்டெய்னர். அதற்குள் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் சின்ன வியூ கன்ட்ரோலர். ஆக, பில்லுக்குள் மெனு, மெனுவுக்குள் எண்ணிக்கை. எல்லாவற்றையும் ஒரே கன்ட்ரோலரில் எழுதியிருக்கலாமே என்றால், முதலில் அப்படித்தான் எழுதினேன். ஆயிரம் வரியைத் தாண்டியதும் எந்தப் பட்டன் எதைத் தொடுகிறது என்று எனக்கே பிடிபடவில்லை. பிரித்தேன்.

திரைக்குள் திரை வைக்கும் வசதியை ஆப்பிள் முறையாகத் திறந்துவிட்டது 2011-ல், ஐஓஎஸ் 5-ல். அதற்கு முன்பும் ஆட்கள் செய்யாமல் இல்லை. ஒரு கன்ட்ரோலரின் வியூவை மட்டும் பிடுங்கி இன்னொன்றுக்குள் ஒட்டவைப்பார்கள். திரை தோன்றியது, மறைந்தது போன்ற தகவல்கள் உள்ளே இருப்பவருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. இப்போது அந்தக் கவலை இல்லை. மேலிருந்து கீழே எல்லாம் தானாகப் போகிறது. கீழிருந்து மேலே செய்தி போக வேண்டுமென்றால்தான் நாம் வழி செய்ய வேண்டும். அதற்கு ஐஓஎஸ் உலகில் பழைய, நன்றாகப் பழகிய வழி டெலிகேட்.

டெலிகேட்டை 'பிரதிநிதி' என்று தமிழில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒட்டுவதில்லை. பிரதிநிதி என்றால் நாம் அனுப்ப, நமக்காகப் போய்ப் பேசுகிறவர். இங்கே யாரும் எங்கும் போவதில்லை. அந்த ஹோட்டலிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருந்தது. சப்ளையர் மேசையிலிருந்து திரும்பி, "ரெண்டு ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்!" என்று குரல் கொடுப்பார். உள்ளே கல்லில் நிற்பது யார் என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் குரலைக் கேட்டு வேலை செய்யத் தெரிந்த யாரோ ஒருவர் அங்கே நிற்கிறார், அது போதும். வரிசை வரிசையாகப் பட்டியல் காட்டும் டேபிள் வியூவும் இதைத்தான் செய்கிறது. ஒரு வரிசையைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. 'இந்த வரிசையைத் தொட்டார்கள்' என்று குரல் மட்டும் கொடுக்கும். என்னென்ன குரல் வரலாம் என்ற பட்டியல்தான் புரோட்டோகால்.

சரி, கல்லில் யாருமே இல்லையென்றால்? குரல் சுவரில் பட்டு நின்றுவிடும். சப்ளையருக்குத் தெரியாது. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அரை மணி கழித்துத் தெரியும்.

எனக்கு நடந்தது அதுதான். முதலில் கூட்டல் கணக்கைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் மதிப்பை எழுதிக் காட்டும் ஒரு பிரிண்ட் வரி போட்டேன். எண்ணிக்கைத் திரை 3 என்றது. மெனு, 'பரோட்டா 3' என்றது. பில் திரை வாயே திறக்கவில்லை. மெனுவில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்தி, அதன் டெலிகேட் யார் என்று பார்த்தால், 'நில்' (nil), அதாவது வெறுமை. ஆளே இல்லை. ஆப்பை எழுதும் மொழியான ஸ்விஃப்டில் டெலிகேட்டைக் கூப்பிடும்போது பெயரை அடுத்து ஒரு கேள்விக்குறி போடுகிறோம்: இருந்தால் கூப்பிடு, இல்லாவிட்டால் விட்டுவிடு. அது சொன்னபடி விட்டுவிட்டது. கிராஷ் இல்லை, எச்சரிக்கை இல்லை, லாக்கில் ஒரு வரிகூட இல்லை.

டெலிகேட்டை நான் வைக்காமல் இல்லை. திரைகளை வரைந்து இணைக்கும் ஸ்டோரிபோர்டில் கன்டெய்னர் வியூவுக்கும் உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில் எம்பெட் செக்வே என்ற இணைப்பு ஒன்று ஓடும். அது நடக்கும் சமயத்தில் 'ப்ரிப்பேர் ஃபார் செக்வே' என்ற மெத்தட் கூப்பிடப்படும். அங்கே, 'போய்ச் சேரும் இடம் மெனு கன்ட்ரோலராக இருந்தால், அதன் டெலிகேட் நான்' என்று எழுதியிருந்தேன். பல மாதமாக ஓடிய வரி. போன வாரம், மெனுவுக்கு மேலே ஒரு தலைப்புப் பட்டை வேண்டும் என்று யாரோ மெனுவை ஒரு நேவிகேஷன் கன்ட்ரோலருக்குள் போட்டிருந்தார்கள். ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடில் அது ஒரே கிளிக். அதன்பிறகு செக்வே போய்ச் சேரும் இடம் மெனு இல்லை, நேவிகேஷன் கன்ட்ரோலர். மெனு அதற்குள் ஓரடுக்கு தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 'மெனுவாக இருந்தால்' என்ற நிபந்தனை பொய்யாகி, உள்ளே இருந்த வரி ஓடவே இல்லை. அந்த 'யாரோ' யார் என்று கோடில் யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் கிட் பதிவைத் திறந்து பார்த்தேன். என் பெயர்.

இரண்டு மௌனம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன என்று சொல்லலாம். வகை பொருந்தாதபோது நிபந்தனை பேசாமல் இருந்தது. டெலிகேட் இல்லாதபோது கேள்விக்குறி பேசாமல் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நாகரிகமான ஸ்விஃப்ட். சேர்ந்தால் 60 ரூபாய் காணாமல் போகிறது.

இதே தவறை ஸ்விஃப்டுக்கு முந்தைய மொழியான ஆப்ஜெக்டிவ்-சியில் செய்தால் இன்னும் வேடிக்கை. அங்கே போய்ச் சேரும் இடத்தை மெனு என்றே நினைத்துக்கொண்டு நேராக டெலிகேட்டை வைத்துவிடலாம், கோடை மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் கம்பைலர் தடுக்காது. நேவிகேஷன் கன்ட்ரோலருக்கென்று 'டெலிகேட்' என்ற பெயரிலேயே சொந்தமாக ஒரு பிராப்பர்ட்டி (மதிப்பை வைக்கும் இடம்) உண்டு. நாம் மெனுவுக்குக் கொடுத்ததாக நினைத்த டெலிகேட்டை அது தனக்கென்று வாங்கி வைத்துக்கொள்ளும். நன்றி கூடச் சொல்லாது. பிராப்பர்ட்டிக்கு 'ஆர்டர் டெலிகேட்' என்று வேறு பெயர் வைத்திருந்தால், அப்படி ஒரு செலக்டர் (மெத்தடின் பெயர்) தெரியாது என்று அங்கேயே விழுந்திருக்கும். அதிலிருந்து நான் வெறும் 'டெலிகேட்' என்று பெயர் வைப்பதில்லை.

சரிசெய்தது எளிது. நேவிகேஷன் கன்ட்ரோலரைத் திறந்து அதன் முதல் கன்ட்ரோலரை எடுத்து டெலிகேட் வைத்தேன். கூடவே, எதிர்பார்த்த வகை கிடைக்காத பக்கத்தில் ஒரு அசெர்ஷன் ஃபெயிலியர் போட்டேன். நான் சோதிக்கும் டீபக் பில்டில் அது ஆப்பை அங்கேயே நிறுத்தும், கடைக்குப் போகும் பில்டில் கண்டுகொள்ளாது. என் மேசையில் கத்தட்டும், கல்லாவில் கத்த வேண்டாம்.

கடையில் வைத்த முதல் வாரத்திலேயே முதலாளி இரண்டு மாற்றம் கேட்டார். ஒன்று, பண்டத்தைத் தொட்டாலே எண்ணிக்கை 1 என்று வர வேண்டும். "பூஜ்யம்னு காட்டி என்ன பிரயோஜனம்? சும்மாவா தொடுறாங்க?" நியாயம். இன்னொன்று, இங்கே சாப்பிடுவதற்கும் பார்சலுக்கும் தனித்தனி எண்ணிக்கை. அதற்காக எண்ணிக்கைத் திரையை ஸ்டோரிபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, கோடிலேயே இரண்டாக உருவாக்கி மெனுவுக்குள் சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கல்லாவில் இருப்பவர் ஒரு வினோதமான புகார் சொன்னார். "தம்பி, காபி ஒண்ணு சொன்னா பில்லுல வரல. ரெண்டு சொன்னா ரெண்டும் வருது." அவர் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. அப்படி ஒரு பிழை எப்படி எழுத முடியும்? செய்து பார்த்தேன். ஒரு காபி, பில் காலி. கூட்டல் தட்டி இரண்டாக்கினால் இரண்டு காபி. கழித்தல் தட்டி மறுபடி ஒன்றாக்கினால், இப்போது ஒரு காபி சரியாக வருகிறது!

காரணம் வரிசை. எண்ணிக்கைத் திரை தன் வியூ டிட் லோடிலேயே 'எண்ணிக்கை 1' என்று குரல் கொடுத்தது. நான் எழுதியிருந்த வரிசை இது: கன்ட்ரோலரை உருவாக்கு, ஆட் சைல்டு செய், அதன் வியூவை எடுத்துத் திரையில் சேர், டிட் மூவ் டு பேரன்ட் கூப்பிடு, கடைசியில் டெலிகேட்டை வை. வியூ டிட் லோட் எப்போது ஓடும்? அந்தக் கன்ட்ரோலரின் வியூவை யாராவது முதன்முதலாகத் தொடும்போது. மூன்றாவது அடியிலேயே தொட்டுவிட்டேன். முதல் குரல் எழும்போது கல்லில் ஆள் இல்லை. ஆள் வந்து நின்றது அதற்கப்புறம். ஒவ்வொரு குரலும் 'ஒன்று கூடியது' என்று சொல்லாமல் 'இப்போது எண்ணிக்கை இத்தனை' என்று சொல்வதால், அடுத்த தட்டலில் கணக்கு தானாகச் சரியாகிவிடும். தனியாக வந்து ஒரே ஒரு காபி குடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு நாள் யோகம். டெலிகேட் வைக்கும் வரியை உருவாக்கிய வரிக்கு அடுத்ததாக மேலே நகர்த்தினேன்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ப்ரிப்பேர் ஃபார் செக்வேயில் டெலிகேட்டோடு சேர்த்து உள்ளே இருக்கும் லேபிளிலும் கையை வைத்தால், ஆப் விழும். அந்த நேரத்தில் கன்ட்ரோலர் பிறந்திருக்கும், வியூ பிறந்திருக்காது. லேபிள் போன்றவற்றைக் கோடோடு இணைக்கும் அவுட்லெட் எல்லாம் நில். எம்பெட் செக்வேயில் இது இன்னும் குழப்பும், ஏனென்றால் அது வெளித்திரையின் வியூ டிட் லோடுக்கும் முன்னாலேயே ஓடிவிடுகிறது. மதிப்பை ஒரு பிராப்பர்ட்டியில் போட்டுவிட்டு வந்தால், லேபிளில் எழுதுவதை அதுவே தன் நேரத்தில் பார்த்துக்கொள்ளும்.

பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு எண்ணிக்கைத் திரைக்கும் டெலிகேட் ஒருவர்தான், மெனு. 'எண்ணிக்கை 3' என்று குரல் வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து? ஆப்பிளின் டெலிகேட் மெத்தடுகளைப் பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் முதல் பராமீட்டர் கூப்பிடுகிறவரே. டேபிள் வியூ தன்னையே முதலில் கொடுத்துவிட்டு அப்புறம்தான் வரிசை எண்ணைக் கொடுக்கும். பல வருடம் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து, என் புரோட்டோகால்களில் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். ஒரே வகைத் திரை இரண்டு அருகருகே உட்கார்ந்த அன்றுதான் அது எதற்கு என்று புரிந்தது. வந்திருப்பவர் பார்சல் பக்கத்தவர்தானா என்று மூன்று சமக்குறி போட்டுக் கேட்டால் முடிந்தது.

இங்கே நண்பர் ஒருவரோடு எனக்கு வாக்குவாதம். "எண்ணிக்கைத் திரையோட டெலிகேட்டா பில் திரையையே வெச்சுடேன். நடுவுல மெனு எதுக்குத் தபால்காரன் வேலை பாக்கணும்?" என்றார். முதல் பார்வைக்குச் சரியாகத்தான் படும். மெனு தன் டெலிகேட்டை அப்படியே கீழே கடத்திவிட்டால் இரண்டே வரி. ஆனால் எண்ணிக்கைத் திரைக்கு 3 என்ற எண் மட்டும்தான் தெரியும். அது பரோட்டாவா காபியா என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். தெரிந்தவர் மெனு. கீழிருந்து 'இங்கே 3' என்று வருவதை வாங்கி, 'பரோட்டா, இங்கே, 3' என்று தன் வார்த்தையில் மேலே சொல்கிறது. அதனால் அடுக்குக்கு அடுக்கு தனி புரோட்டோகால் எழுதினேன். எழுதும்போது அலுப்பாகத்தான் இருக்கும். நடு அடுக்கு ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காமல், வந்ததை வந்தபடியே மேலே தள்ளுகிறதென்றால் நண்பர் சொல்வதுதான் சரி; அப்போது டெலிகேட்டைக் கடத்திவிடலாம், அல்லது அந்த அடுக்கு அங்கே எதற்கு என்றே கேட்கலாம்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது வேறொன்று: உள்ளே இருந்துகொண்டு 'என் பெற்றோரின் பெற்றோர்' என்று மேலே ஏறிப்போய்ப் பில் திரையைத் தேடுவது. ஆரம்பத்தில் அதையும் செய்திருக்கிறேன். அதே நேவிகேஷன் கன்ட்ரோலர் நடுவில் வந்ததும் தாத்தா கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டார். நோட்டிஃபிகேஷன் சென்டரையும் ஒரு வாரம் முயன்றேன். அது ஊருக்கே ஒலிபெருக்கி வைப்பது. ஐபேடில் இரண்டு மேசையின் பில் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், நான்காம் மேசையின் ஊத்தப்பம் ஏழாம் மேசையிலும் ஏறும்.

பெரிய வம்பு ஒரு விசேஷ நாள் மாலையில் வந்தது. கூட்டம். ஏழு மணிக்கு ஆப் மந்தமானது, எட்டு மணிக்குத் தானே மூடிக்கொண்டது. திறந்தார்கள், ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி மூடிக்கொண்டது. கிராஷ் பதிவில் என் கோடு எதுவும் இல்லை, நினைவகம் தீர்ந்ததால் சிஸ்டமே ஆப்பை நிறுத்தியிருந்தது. பில் திரை நினைவகத்தை விட்டுப் போகும்போது ஓடும் டீஇனிட்டில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். மேசையை மூடுகிறேன், பிரிண்ட் வரவில்லை. பத்து மேசை மூடினேன், ஒன்றுகூட வரவில்லை. எக்ஸ்கோடு 8-இல், 2016-ல், மெமரி கிராஃப் என்று ஒரு கருவி வந்தது. யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று படமாகக் காட்டும். அதில் மூடிவிட்ட பில் திரைகள் வரிசையாக உயிரோடு நின்றன, ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு மெனு, அந்த மெனுவுக்குள் பண்டங்களின் படங்கள்.

வெளித்திரை உள்திரையை வலுவாகப் பிடித்திருக்கும், பிடிக்கத்தான் வேண்டும். உள்திரை தன் டெலிகேட்டை, அதாவது வெளித்திரையை, வலுவாகப் பிடித்தால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போக மறுப்பார்கள். அதனால்தான் டெலிகேட்டை 'வீக்' (வலுவில்லாத பிடி) என்று அறிவிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். வீக் என்று எழுதியிருந்தேன். புரோட்டோகாலைக் கிளாஸ்களுக்கு மட்டும் என்று வரையறுக்காவிட்டால் கம்பைலர் வீக்கை ஏற்காது, சிவப்புக் கோடு போடும். அவசரத்தில் புரோட்டோகாலின் பெயருக்குப் பக்கத்தில் 'எனிஆப்ஜெக்ட்' என்று ஒரு சொல் சேர்ப்பதற்குப் பதிலாக, வீக்கை எடுத்துவிட்டேன். சிவப்பு போய்விட்டது. கமிட் செய்தியில் 'பில்டு சரிசெய்தது' என்று வேறு எழுதியிருந்தேன்.

பழைய ஆட்களுக்கு இந்த வீக் ஒரு சொகுசு. 2011-ல், நினைவகத்தைத் தானே கணக்குப் பார்த்து விடுவிக்கும் ஏஆர்சியோடு வந்த வீக், டெலிகேட் செத்தால் தானே நில் ஆகிவிடும். அதற்கு முன் டெலிகேட்டை வெறும் முகவரியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆள் போனபின் அந்த முகவரிக்குக் குரல் கொடுத்தால் நேராக கிராஷ். எல்லா டெலிகேட்டும் வீக் என்று நினைத்துவிடவும் கூடாது. இணையத்தோடு பேசும் யூஆர்எல் செஷன் தன் டெலிகேட்டை வலுவாகவே பிடித்துக்கொள்ளும், செஷனை நாமே செல்லாததாக்கும் வரை விடாது. அனிமேஷனுக்கான சிஏஅனிமேஷனும் அப்படித்தான்.

இப்போது புதிதாக எழுதுகிறவர்கள் 2019-ல் வந்த, திரைகளை எழுதும் புதிய வழியான ஸ்விஃப்ட்யூஐயில் மதிப்பை இருபக்கமும் இணைக்கும் பைண்டிங் வைத்து இதையெல்லாம் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் பழைய யூஐகிட் திரை ஒன்றை அதற்குள் கொண்டுவர வேண்டியிருந்தால், கோஆர்டினேட்டர் என்ற பெயரில் அதே டெலிகேட் வாசலில் வந்து நிற்கும்.

போன மாதம் முதலாளி கூப்பிட்டார். பார்சலுக்கு டப்பா காசு 5 ரூபாய் தனியாகச் சேர வேண்டுமாம். பார்சல் பக்கத்துக் குரல் தனியாகத் தெரிவதால் பில் திரையில் நாலு வரிதான் வேலை. நேரில் போய்க் காட்டினேன். பரோட்டா, பார்சல், 3. மொத்தம் 65 ரூபாய். அவர் விரல் விட்டு ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு ஐபேடை என் பக்கம் தள்ளினார்.

"சரி தம்பி. இப்ப ஒரே ஒரு காபி போடுங்க, பாப்போம்."